சாவுக்கு முன்னால் வந்தவர்கள்

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய சந்தில், அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில், முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்தபடி சின்னப்பையன். வயது ஐம்பத்தெட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டியவர். கட்டிலின் கால்மாட்டில், கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல், அவரோடு வேலை பார்த்த பூபாலன். அடுப்படி வாசலில், தரையில், அரிவாள்மணைக்கு முன்னால் சின்னப்பையனின் மனைவி வேம்புலியம்மாள். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் நான். வீட்டுக்கு வெளியே, தகரச் சரிவின் கீழ் நிறுத்திய ஸ்கூட்டரின் மேல், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நர்ஸ் சபீனா. அவளுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றுகொண்டு நிர்மல்.

சபீனா வெளியே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், அவள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று வேம்புலியம்மாள் சொல்லியிருந்ததுதான். சொல்லி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இருபத்திரண்டு நாளும் சின்னப்பையன் மார்ஃபின் மாத்திரை இல்லாமல் கிடந்தார். அடிவயிற்றில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டவர். மெடிக்கல் கடையில் வாங்கிய சாதாரண வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வார்.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் மருந்து கொடுக்கிறவன் இல்லை, கடிதம் எழுதுகிறவன். சென்னீர்குப்பத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நடக்கும் வலிதணிப்பு மையத்தில், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை சபீனாவுக்கு. வருகிற கடிதம், போகிற கடிதம், பதிவேடு எல்லாம் எனக்கு. செய்யாறு பக்கத்திலிருந்து மகனின் அடுக்ககத்துக்குக் குடிவந்த ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

"இன்னா தட்சிணாமூர்த்தி சாரு, தலையெல்லாம் ஈரமாகீது. தாளு நனையல இல்ல?" என்றார் சின்னப்பையன்.

"தாள் பாலிதீன் கவர்ல பத்திரமா இருக்கு."

"தலை நனைஞ்சா பரவால்ல, தாளு நனையக்கூடாது. கவுருமெண்டு ஆபீஸ்ல இருந்தவன்னு சொல்லாமயே தெரியுது."

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒழுகுகிற மூன்று இடத்திலும் ஏனம் வைத்திருந்தார்கள்: ஒரு குண்டான், ஒரு சொம்பு, ஒரு பழைய டிபன் கேரியரின் மேல் தட்டு. மூன்றும் மூன்று சத்தம் போட்டன. வேம்புலியம்மாள் ஜிலேபி மீனைச் சாம்பலில் புரட்டிச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். ஏரி நிரம்பிக் கலங்கல் மேடையைத் தாண்டி வழிகிற தண்ணீரில் பூபாலன் காலையில் வலை போட்டுப் பிடித்துக்கொண்டு வந்த மீன். பக்கத்து அடுக்ககத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை வேம்புலியம்மாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அரை நாள். நீலப் புடவையை இன்னும் மாற்றியிருக்கவில்லை.

நான் போன வேலையைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை உலக வலிதணிப்பு நாள். எங்கள் மையம் அன்றைக்கு ஏரிக்கரைச் சாலை மண்டபத்தில் ஒரு கூட்டம் நடத்தியது. அதற்கு உதவி செய்த பெங்களூர் அறக்கட்டளை, அந்த நாளால் என்ன பயன் விளைந்தது என்று மதிப்பிட்டு அனுப்பச் சொன்னது. எங்கள் பதிவேட்டிலிருந்து இருபது குடும்பத்தை அவர்களே குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். குடும்பத்துக்கு ஐந்து கேள்வி. கையெழுத்து அசலாக இருக்க வேண்டும், தபாலில் வர வேண்டும். பத்தொன்பது தாள் வந்துவிட்டது. இருபதாவது தாள் இந்த வீடு.

"இதை வாங்காம விட்டா கணக்கு குறையும். வாங்கினா என்ன வரும்னும் தெரியுது" என்றார் எங்கள் பொறுப்பாளர் எழிலரசி. "நீங்க போங்க சார். அவங்க என்ன சொல்றாங்களோ அதை எழுதிட்டு வாங்க. அதோட அந்த மனுஷனுக்கு மாத்திரை உள்ள போறதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு பாருங்க. அதான் எனக்கு முக்கியம்."

என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம் ஒரு ஃப்ளெக்ஸ்.

கூட்டத்துக்கு விளம்பரம் வைக்க ஒரு நோயாளியின் படம் தேவைப்பட்டது. சின்னப்பையன் தானே முன்வந்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்த நாள் என்று ஊரில் எல்லாரும் ஃப்ளெக்ஸில் வந்துவிட்டார்கள், தான் ஒருத்தன்தான் பாக்கி என்றார். நிர்மல் தேனிப் பக்கத்துப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, விடுமுறை நாளில் எங்களோடு வருவான். அவன்தான் வடிவமைத்தான். வட்டத்துக்குள் சின்னப்பையனின் சிரித்த முகம். பக்கத்தில் ஓர் அகல் விளக்கு. மேலே ஒரு வெள்ளைப் புறா. கீழே பெரிய எழுத்தில் தேதி. எங்களில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அழகாக இருக்கிறது என்று நானும்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கட்டினார்கள்.

"நைட்டு ஷிப்டு முடிச்சிட்டு வந்துகினு இருந்தோம் சார்" என்று பூபாலன் ஆரம்பித்தார். இதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார், ஆனாலும் குரலில் இன்னும் வெட்கம் இருந்தது. "பஸ்ஸு ஜன்னல்ல பாத்தா அண்ணாத்தே மூஞ்சி. பக்கத்துல வெளக்கு எரியுது. புறா பறக்குது. கீய தேதி. நீயே சொல்லு சார், வேற இன்னா நெனைப்போம்? எவன் குந்தி எழுத்து கூட்டி படிக்கிறான்?"

"அதுல வலிதணிப்பு நாள்னு பெருசா போட்டிருந்துச்சு அண்ணா" என்றான் நிர்மல் வாசலிலிருந்து. அழுதுவிடுவான் போலிருந்தது.

"வலி தணிஞ்சிடிச்சின்னுதான் நாங்களும் நெனச்சோம்" என்றார் பூபாலன்.

சின்னப்பையனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு இழுக்கும். ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பதினோரு பேரு கெளம்பிட்டோம். பூந்தமல்லில ரோஜா மாலை கட்டச் சொல்லி, ரெண்டு மோளக்காரன கூட்டிகினு, ஷேர் ஆட்டோல வந்து எறங்குனோம். பொதைக்கறதா எரிக்கறதான்னு வயியெல்லாம் பேச்சு."

"அத்த நான் சொல்றேன், இரு" என்றார் சின்னப்பையன். "நான் இங்க படுத்துகினு கீறேன். இவ மண்டபத்துக்குப் போயிட்டா. சந்து முனைல மோளம் கேக்குது. சரி, பக்கத்து ஊட்டு கெங்கம்மாதான் போயிடிச்சி போலன்னு நெனச்சிட்டேன். நேத்துகூட நம்மளாண்ட கஞ்சி வாங்கிகினு போச்சேன்னு கண்ணுல தண்ணி வந்துடிச்சி சார். மோளம் கிட்ட வருது, இன்னும் கிட்ட வருது, கெங்கம்மா ஊட்ட தாண்டி என் ஊட்டு வாசல்ல வந்து நின்னுடிச்சி. எட்டிப் பாத்தா இவன். கைல மாலை. 'இன்னாடா பூபாலா, யாரு ஊட்டுக்குடா?'ன்னேன்."

"எனக்கு நாக்கு மேல ஒட்டிகிச்சி சார். அந்த மோளக்காரன் வேற நிறுத்தாம அடிச்சிகினே கீறான். எட்டி ஒதைக்கலாம்னு பாத்தேன்."

"இவன் முழிச்ச முழியிலயே எனக்கு வெளங்கிடிச்சி. சாவுக்கு வாங்கின மாலைய திருப்பி எடுத்துகினு போவக்கூடாதுன்னு ஒருத்தனும் நவுர மாட்றான். போடுரான்னேன். அன்னிக்கு போட்டா எனக்கு இன்னா தெரியப்போவுது? இப்ப போட்டாலும் வாசனையாவது புடிச்சிக்குவேன் இல்ல?"

"சிரிங்க. நல்லா சிரிங்க" என்றார் வேம்புலியம்மாள். தலை நிமிரவில்லை. மீனின் துடுப்பை நறுக்கினார். சிரிப்பு நின்றது.

அன்றைக்கு நான் மண்டபத்தில் இருந்தேன். வேம்புலியம்மாள் மூன்றாவது வரிசையில், இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. மேடையில் ஒரு டாக்டர், நோயாளியைத் தனியாக விடாதீர்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். பதினொன்று நாற்பதுக்கு வேம்புலியம்மாள் போனைக் காதில் வைத்தார். எழுந்து ஓடினார். பின்னாலேயே சபீனா ஓடினாள். மேடையில் பேச்சு நிற்கவில்லை.

வீட்டுக்குள் வந்தவர், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார். மாலையைப் பிடுங்கிப் பிய்த்து எறிந்தார். பதினோரு பேரையும் வெளியே தள்ளினார். அலமாரியில் இருந்த மார்ஃபின் மாத்திரைப் பட்டைகளை வாரிச் சபீனாவின் பைக்குள் திணித்து, "உங்க நாளும் வேணாம், உங்க மாத்திரையும் வேணாம், இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று கதவைச் சாத்தினார். நிர்மல் அப்போதே ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிட்டான். ஆறு தடவை வந்து மன்னிப்பும் கேட்டான். கதவு திறக்கவில்லை.

ஆனால் திங்கட்கிழமை பூபாலன் மறுபடியும் வந்தார். செவ்வாய்க்கிழமை வேறு இரண்டு பேர். உள்ளே விடவில்லை என்றதும் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினார்கள். எந்த மிஷினுக்குப் புது டை அச்சு வந்திருக்கிறது, எந்த சூப்பர்வைசர் மாற்றலாகிப் போகிறார், கேன்டீன் சாம்பாரில் என்ன கிடந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் நல்ல மழை. நனைந்துகொண்டே நின்றார்கள். வேம்புலியம்மாள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் கம்பிக்கிடையே இரண்டு டீ நீட்டினார். மறுநாள் தாழ்ப்பாள் போடவில்லை.

இப்போது கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கம்பெனியில் ஒட்டுகிற ஷிப்டு சார்ட் மாதிரியே கோடு போட்டு, கிழமைக்கு நேரே பெயர் எழுதியிருந்தார் பூபாலன். யாராவது வர முடியாவிட்டால் ஆள் மாற்றிவிட வேண்டும். ஆப்சென்ட் கிடையாது.

"இவர் படுத்த பத்து மாசமும் ஏன் வரல?" என்று நான் கேட்டேன். கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.

பூபாலன் வாளி மேல் நெளிந்தார். "இன்னா பேசறதுன்னு தெரியாது சார். நல்லாயிடுவேன்னு சொன்னா பொய்யி. நல்லாவ மாட்டேன்னு சொல்ல முடியுமா? ரெண்டு வாட்டி சந்து முனை வரைக்கும் வந்துட்டு டீ குடிச்சிட்டு திரும்பிப் போயிட்டேன். சாவுன்னா பிரச்சினை இல்ல. பேசவே வேணாம். மாலைய போட்டுட்டு ஓரமா நின்னா போதும்."

"இப்ப மட்டும் இன்னாடா பேசற?" என்றார் சின்னப்பையன்.

"இப்பதான் அசிங்கப்பட்டாச்சே அண்ணாத்தே. இனிமே இன்னா கீது?"

நான் தாளை எடுத்தேன். முதல் கேள்வி: இந்த நாளைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?

"ஃப்ளெக்ஸ்ல பாத்துன்னு எழுது" என்றார் வேம்புலியம்மாள். "ஊரே அப்பிடித்தான் தெரிஞ்சிகிச்சி."

இரண்டாவது: வலிதணிப்புப் பராமரிப்பு சாகும் நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? சின்னப்பையன் முந்திக்கொண்டார். "செத்தவனுக்குன்னு நெனச்சிகினு வந்தவன் வாளி மேல குந்திகினு கீறான், அவன கேளு." மூன்றாவது, கூட்டத்தில் சொன்னது புரிந்ததா என்பது. பாதியில் எழுந்து வந்துவிட்டதாக எழுதினேன். நான்காவது, அந்த நாளுக்குப் பிறகு நோயாளிக்குக் கிடைக்கும் பராமரிப்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சின்னப்பையனின் கை துண்டைத் தேடியது. பூபாலன் எழுந்து எடுத்துக் கொடுத்தார். முகத்தில் இருந்த குறும்பு போய், தோல் சாம்பல் நிறமானது. கால் கட்டை விரல்கள் உள்ளே மடங்கின. துண்டைக் கடித்துக்கொண்டு மூக்கால் ஒரு சத்தம் போட்டார். பாரம் ஏற்றிய மிஷின் நின்றுபோகிறபோது வருகிற மாதிரி சத்தம். பூபாலன் அவர் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வேம்புலியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, கடை மாத்திரை ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் பாதி கழுத்தில் வழிந்தது.

வெளியே சபீனா ஸ்கூட்டரை விட்டு இறங்கி வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தகரச் சரிவின் நுனித் தண்ணீர் நேராக அவள் தோளில் விழுந்தது. "அக்கா" என்றாள். வேம்புலியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். சத்தம் மெள்ள அடங்கி முனகலாயிற்று.

"நான் இன்னொரு நாள் வரட்டுமா?" என்றேன்.

"அஞ்சாவது இன்னா?" என்றார் வேம்புலியம்மாள்.

"இன்னிக்கு வேணாம்மா."

"படி சார். வந்தது வந்துட்ட."

படித்தேன். அந்த நாளில் நீங்கள் உணர்ந்தது என்ன? ஒரு வரியில் கூறவும்.

அவர் அடுப்படி வாசலுக்கே போய் உட்கார்ந்தார். ஒரு மீனை எடுத்து வைத்துக்கொண்டார், ஆனால் நறுக்கவில்லை. செதில் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மண்டபத்துல போன் வந்துச்சி. 'உன் ஊட்டாண்ட சாவு மோளம் அடிக்கிறாங்க, எங்க கீற'ன்னாங்க. ஓடுனேன். இந்தப் பொண்ணும் கூட ஓடியாந்து ஆட்டோல ஏறிகிச்சி. ஏரி வளைவு வந்துச்சா, காத்து மூஞ்சில அடிச்சிச்சி. அப்ப எனக்கு அழுவாச்சி வரல சார்." மீனைக் கீழே வைத்தார். "அப்பாடான்னு இருந்துச்சி. வலி நின்னுடிச்சி, இனிமே இந்தாளு கத்த மாட்டாருன்னு. ஏதோ ஒரு நிமிசம் தோணிச்சின்னு நெனச்சிக்காத. ஆட்டோ ஊட்டாண்ட வந்து நிக்கற வரைக்கும் அப்பிடித்தான் இருந்துச்சி. எறங்கி உள்ள வந்தா, மாலைய போட்டுகினு என்னைப் பாத்து சிரிக்கறாரு. நான் எந்த மூஞ்ச வெச்சிகினு அவரைப் பாக்கறது?"

பூபாலன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஃப்ளெக்ஸு வெச்சதுக்கு எனக்கு கோவம் இல்ல. அந்தப் பையன் பாவம், தெரியாம பண்ணிட்டான். இந்தப் பொண்ணு ஆட்டோல என் கையப் புடிச்சிகினே வந்துச்சி. புருசன் செத்துட்டான்னு போறவ கை நடுங்கணும் இல்ல? என் கை நடுங்கல. அதுக்குத் தெரிஞ்சிருக்கும். அது வாசல்ல வந்து நின்னாலே எனக்கு அதான் நெனப்பு வருது. அத்தொட்டுதான் உள்ள விடல." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "இத்த எப்பிடி சார் ஒரு வரில எழுதுவ?"

குண்டானிலும் சொம்பிலும் தண்ணீர் சொட்டியது. சின்னப்பையன் தூங்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏ வேம்பு."

வேம்புலியம்மாள் திரும்பவில்லை.

"மாலைய போட்டுகினு நான் இன்னாத்துக்கு சிரிச்சேன் தெரியுமா? இவனுங்க மூஞ்ச பாத்துன்னா நெனச்ச? மோளம் வாசல்ல வந்து நின்னப்ப, சரி, மேல போறதுக்கு ஆளு வந்துட்டாங்க, இனிமே இவ ராத்திரில நிம்மதியா தூங்குவான்னு தோணிச்சி. அத நெனச்சிதான் சிரிச்சேன். நீ வந்து நின்னயா, சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள மாலைய பிச்சிட்ட." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீயும் நானும் நெனச்சது ஒண்ணுதான். இதுக்கா என் மாத்திரைய குடுத்தனுப்பிச்ச?"

"வாய மூடிகினு படு" என்றார் வேம்புலியம்மாள். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். மீன் வாடை என்று பார்க்கவில்லை. சின்னப்பையன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்தும் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை. பூபாலன் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வேம்புலியம்மாள் எழுந்தார். சொம்பை எடுத்துக் கையைக் கழுவினார். வாசலுக்குப் போனார்.

"எம்மா நேரமா ஈரத்துல நின்னுகினு கீற? உள்ள வாயேன்."

சபீனா செருப்பைக் கழற்றினாள். "அக்கா, உங்க கை நடுங்குச்சா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள். "என் கைதான் நடுங்கிட்டு இருந்துச்சு. நாலு வருஷமா இந்த வேலை பாக்கறேன், இன்னும் ஒவ்வொரு வாட்டியும் நடுங்குது. உங்களைப் பிடிச்சுக்கிட்டதே அதுக்குத்தான்."

வேம்புலியம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார்.

உள்ளே வந்ததும் சபீனா வேறு பேச்சே பேசவில்லை. நாடி பார்த்தாள், பாதம் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள், முதுகைப் புரட்டிப் புண் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். "மோஷன் போய் எத்தனை நாள் ஆச்சு அண்ணா?"

"சாவு மோளம் அடிச்ச ஊட்ல வந்து மொத கேள்வியே இதுதானா பாப்பா?"

"அதைச் சொல்லுங்க முதல்ல."

"மூணு நாளு."

டாக்டருக்குப் போன் போட்டாள். இத்தனை நாள் விட்டுப்போனதால் பழைய அளவில் கொடுக்கக்கூடாது, புதிதாகத் தொடங்குகிற மாதிரி குறைவாகத் தொடங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துப் பார்த்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, வேம்புலியம்மாளுக்கு இரண்டு தடவை சொன்னாள். அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பூபாலனையும் சொல்லச் சொன்னாள். அவர் ஷிப்டு சார்ட்டின் அடியில் மாத்திரை நேரங்களை எழுதிக்கொண்டார்.

நிர்மல் இன்னும் வெளியே நின்றான். "தம்பி, அந்த ஃப்ளெக்ஸு எங்க?" என்றார் சின்னப்பையன்.

"ஆபீஸ்ல சுருட்டி வச்சிருக்கேன் அண்ணா. கிழிச்சுப் போட மனசு வரல."

"கியிச்சிடாத. எடுத்தாந்து கூரை மேல கட்டு. கட்டில்ல ஒயுவுது."

"மூஞ்சி கீய இருக்கற மாதிரி போடு" என்றார் வேம்புலியம்மாள், அடுப்படியிலிருந்து. "மாடில இருந்து எவனாவது பாத்துட்டு மறுபடியும் மோளத்தோட வந்துடப்போறான்."

சின்னப்பையன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மீன் கொதித்து, புளி வாசனை வீடு முழுக்கப் பரவியது. நிர்மலும் பூபாலனும் சென்னீர்குப்பம் போய் ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து, செங்கல் வைத்துக் கட்டினார்கள். சின்னப்பையன் குழைந்த சோற்றில் குழம்பு ஊற்றி நாலு வாய் வாங்கிக்கொண்டார். முள் எடுத்த சதை இரண்டு துண்டு. ஐந்தாவது வாய் நீட்டும்போது கண் மூடியிருந்தது. துண்டு தரையில் கிடந்தது. வேம்புலியம்மாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே இருந்தார்.

கிளம்பும்போது தாளை நீட்டினேன். "அஞ்சாவதுக்கு என்னம்மா எழுதட்டும்?"

"நான் சொன்னத எழுது."

"பேர் இல்லாம எழுதலாம். பெங்களூர்ல படிக்கறவங்களுக்கு உங்க பேர் தேவையில்ல."

"பேரோடவே எழுது சார். மறைக்கறதுக்குத்தான் இத்தினி நாளு கதவ சாத்தினேன். அதுக்கு இந்தாளு துண்ட கடிச்சாரு." பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அது பரவாயில்லை என்று நான் சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, இருபது தாளையும் எண் வரிசையில் அடுக்கி, மேலே வைக்கக் கடிதம் எழுதினேன். கடிதத்தில் இருந்தது இது: கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டவர்கள் நூற்று எழுபத்து மூன்று பேர். அவர்களில் எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் விளம்பரப் பலகையை இரங்கல் பலகை என்று எண்ணி மாலையோடு வந்தவர்கள் பதினோரு பேர். அது எங்கள் தவறு. அதனால் ஒரு நோயாளி இருபத்திரண்டு நாள் மருந்தின்றி வலியில் கிடந்தார். அதுவும் எங்கள் தவறு. காரணம் பலகை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, அந்த வீட்டுப் பெண்மணி என்ன பாரம் சுமக்கிறார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் இன்றும் முறை வைத்து வருகிறார்கள். சாவு என்றால் உடனே வருகிறவர்கள்தான் இங்கே எல்லாரும். அதற்கு முன்னால் வருவதற்குத்தான் அவர்களுக்கு வழி தெரியவில்லை. அடுத்த ஆண்டு அந்த நாளில் மண்டபம் வேண்டாம். ஒவ்வொரு நோயாளியும் யாரோடு வேலை பார்த்தார் என்று பட்டியல் எடுத்து, ஷிப்டு முடிகிற நேரத்தில் கம்பெனி வாசலில் போய் நின்று, அவர்களைக் கையோடு வீட்டுக்கு அழைத்துவர விரும்புகிறோம். ஐந்தாம் கேள்விக்கு ஒரு வரி போதவில்லை, தனித்தாள் இணைத்திருக்கிறேன்.

எழிலரசி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இதைப் பார்த்துட்டு அடுத்த வருஷம் ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொல்லலாம்."

பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "தவறுங்கற வார்த்தை ரெண்டு இடத்துல வருது சார்."

"ரெண்டு தவறும்மா."

கையெழுத்துப் போட்டார்.

பூந்தமல்லி தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. உறையின் வாய்க்குப் பசை தடவப் போகும்போது போன் அடித்தது. சபீனா.

"சார், போய்ப் பார்த்துட்டு வந்தேன். அண்ணா ராத்திரி முழிக்கவே இல்லையாம். நடுவுல மாத்திரைக்கு மட்டும் பூபாலன் அண்ணன் அலாரம் வச்சு, போன் பண்ணி எழுப்பி விட்டிருக்கார். அக்காவும் மாத்திரையைக் கொடுத்துட்டு உடனே தூங்கிட்டாங்களாம். காலைல எட்டு மணி வரைக்கும் தூங்கி, இன்னிக்கு வேலைக்கு லேட்டு. அவங்க சொல்லிச் சொல்லி வெக்கப்படறாங்க."

கடிதத்தை உறையிலிருந்து வெளியே எடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருந்தது. பின்குறிப்பு என்று எழுதி, 'நேற்று இரவு அந்த வீட்டில் இருவரும் தூங்கினார்கள்' என்று சேர்த்தேன். மை காய்கிற வரை ஊதினேன். பிறகு மடித்து, உள்ளே வைத்து, உறையை ஒட்டி, கவுன்ட்டரில் கொடுத்தேன்.